மாடித் தோட்டத்தில் வெள்ளைப் பஞ்சா? மருந்து அடிக்கும் முன் ஒரு போட்டோ எடுங்க!

தாம்பரம், சேலையூர், செம்பாக்கம், முடிச்சூர் பக்கம் மொட்டைமாடியில் தொட்டி வைத்திருப்பவரா நீங்கள்? தை, மாசி தாண்டி வெயில் ஏற ஆரம்பித்ததும் செம்பருத்தி நுனியிலோ, பப்பாளிக் காயின் காம்பிலோ, கத்தரி இலையின் அடியிலோ பஞ்சு ஒட்டியது மாதிரி வெள்ளையாகத் தெரியும். தொட்டால் பிசுபிசுக்கும். நாலு நாளில் குருத்து சுருண்டு, கீழ் இலைகள் கரி பூசியதுபோல் கறுத்துவிடும். இதுதான் மாவுப்பூச்சி.

உடனே கடைக்குப் போய் 'ஸ்ட்ராங்கா ஏதாவது மருந்து கொடுங்க' என்று கேட்கத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். இந்த விஷயத்தில் நம் மாநிலம் ஏற்கெனவே ஒரு பாடம் படித்திருக்கிறது.

2008-ல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த பூச்சி இது. இங்கே அதற்கு எதிரி யாரும் இல்லை. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று தோட்டம் தோட்டமாகப் பரவியது. விவசாயிகள் மருந்து அடித்துப் பார்த்தார்கள். சில நாளில் திரும்ப வந்தது. காரணம், அதன் உடம்பின் மேல் இருக்கும் மெழுகுப் பூச்சு. மருந்து அதைத் தாண்டி உள்ளே போவது கடினம். முட்டைகளோ பஞ்சுப் பைக்குள் பத்திரமாக இருக்கும். ஒரு பெண் பூச்சி நூற்றுக்கணக்கில் முட்டை இடும். போதாக்குறைக்கு, மாவுப்பூச்சியைத் தின்னும் பூச்சிகள்தான் மருந்தில் முதலில் செத்தன.

கடைசியில் பிரச்சினையைத் தீர்த்தது கொசுவைவிடச் சின்னதான ஒரு குளவி. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகள் பெங்களூருவிலுள்ள தேசிய வேளாண் பூச்சி ஆய்வு நிறுவனத்துக்கு வரவழைக்கப்பட்டன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அவற்றைப் பெருக்கி விவசாயிகளுக்குக் கொடுத்தது. அவற்றில் நன்றாக வேலை செய்தது 'அசிரோஃபேகஸ் பப்பாயே'. மாவுப்பூச்சியின் உடலுக்குள்ளேயே முட்டையிட்டு, உள்ளிருந்தே தின்று வெளியே வரும். மரவள்ளி மாவுப்பூச்சிக்கும் இதே வழிதான்: ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வேறொரு குளவி வந்தது, 2022-ல் தமிழ்நாட்டு வயல்களில் விடப்பட்டது.

சரி, நம் மாடிக்கு வருவோம். போனை எடுத்து இலையின் அடிப்பக்கத்தை நெருக்கமாகப் படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தைப் பிடித்துக்கொண்டால் அளவு தெரியும். அரை நிமிட வீடியோ இன்னும் நல்லது; ஏன் என்று சொல்கிறேன். பெண் மாவுப்பூச்சி இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும். பெரும்பாலும் ஒரே இடத்தில் கூட்டமாக ஒட்டிக் கிடக்கும். அந்தக் கூட்டத்துக்கு நடுவே, நீளமான வெள்ளை இழைகளோடு, ஒரு சென்டிமீட்டர் அளவில், சுறுசுறுப்பாக நடந்துபோகிற ஒன்று இருந்தால் அதைத் தொடாதீர்கள். அது 'கிரிப்டோலேமஸ்' என்ற பொறிவண்டின் புழு, மாவுப்பூச்சியைத் தின்ன வந்த விருந்தாளி. பார்க்க மாவுப்பூச்சி மாதிரியே இருப்பதால், நம்மில் பலர் முதலில் நசுக்குவது இதைத்தான்! வளர்ந்த வண்டு கறுப்பாக, தலைப்பக்கம் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். உப்பிப்போய், பழுப்பாகக் காய்ந்து, முதுகில் ஓட்டையோடு கிடக்கும் மாவுப்பூச்சிகளைப் பார்த்தால் குளவி வேலையை ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அந்தக் கிளையில் மருந்தே வேண்டாம்.

இரண்டும் கண்ணில் படவில்லையா? முதலில் எறும்பைக் கவனியுங்கள். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதைக் காவல் காக்கும். பொறிவண்டையும் குளவியையும் விரட்டும். தொட்டி ஸ்டாண்டின் கால்களில் கிரீஸ் தடவினால் எறும்பு ஏறாது. (தண்ணீர்க் கிண்ணத்தில் கால்களை வைக்கும் பழைய முறை வேண்டாம். கொசு முட்டையிடும்; டெங்கு வேறு கிளம்பிவிடும்.)

பிறகு குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி பூச்சிகளை உதிர்த்துவிடுங்கள். மிச்சம் இருப்பதற்கு, ஒரு லிட்டர் தண்ணீரில் 10 மி.லி. வேப்பெண்ணெய், கூடவே கரையும் அளவுக்குக் கொஞ்சம் காதி சோப்பு. நன்றாகக் கலக்கி, இலையின் அடியில் படும்படி சாயங்காலத்தில் தெளியுங்கள். மத்தியான வெயிலில் அடித்தால் இலை கருகும். எந்தச் செடியானாலும் முதலில் ஒரு கிளையில் அடித்து இரண்டு நாள் பாருங்கள். முட்டைகள் பொரிந்துகொண்டே இருப்பதால் ஒரு தடவையோடு விடக்கூடாது. வாரம் ஒருமுறை, மூன்று நான்கு வாரம். கறிவேப்பிலை, கீரை எல்லாம் அதே மாடியிலிருந்து நேராக அடுப்படிக்குப் போவதால், கடை ரசாயனத்தை வீட்டுத் தோட்டத்துக்குக் கொண்டுவராமல் இருப்பதே என் யோசனை.

வெட்டிய கிளையைப் பக்கத்து காலி மனையில் வீசிவிடுவது நம்ம ஊர் வழக்கம். அங்கே மண்டிக் கிடக்கும் பார்த்தீனியமே இந்தப் பூச்சிக்கு நல்ல வீடு. அடுத்த மாதம் உங்கள் மாடிக்கே திரும்பி வரும். கொளுத்தவும் கூடாது. சோப்புத் தண்ணீர் வாளியில் ஒரு நாள் ஊறவைத்து, மக்கும் குப்பையோடு கொடுத்துவிடுங்கள்.

இதற்கும் அடங்கவில்லை என்றால், எடுத்த போட்டோ அப்போது உதவும். 1800-180-1551 என்ற கிசான் கால் சென்டர் எண்ணுக்குக் காலை 6 முதல் இரவு 10 வரை கட்டணமில்லாமல் பேசலாம். தமிழிலேயே பதில் கிடைக்கும். தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு மின்சார ரயிலில் போனால், காட்டாங்கொளத்தூரை அடுத்த காட்டுப்பாக்கத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. பூச்சியுள்ள இலையைக் கொண்டுபோவதானால் மூடிய கவரில் கொண்டுபோங்கள். உழவன் செயலியில் உங்கள் பகுதி அலுவலரைத் தேடும்போது மாவட்டம் 'சென்னை' என்று தேடிக் குழம்ப வேண்டாம். தாம்பரம் இருப்பது செங்கல்பட்டு மாவட்டத்தில். வட்டாரம் என்ற இடத்தில் புனித தோமையார் மலை அல்லது காட்டாங்கொளத்தூர், இரண்டில் உங்கள் ஊர் எதில் வருகிறது என்று பாருங்கள்.