ஒரு புழுவுக்காக மௌனித்த துப்பாக்கிகள்

1995 மார்ச் மாதம். சூடானில் அரச படைகளுக்கும் தெற்கின் போராளிகளுக்கும் இடையே யுத்தம் உச்சத்தில் இருந்தது. அப்போது இரு தரப்பும் ஒரு யுத்த நிறுத்தத்துக்கு உடன்பட்டன. அதற்குக் காரணம் சமாதானப் பேச்சு அல்ல, ஒரு புழு.

கினிப் புழு என்பது அதன் பெயர். தமிழில் நரம்புச் சிலந்தி என்பார்கள். குளம், குட்டை போன்ற தேங்கிய நீரில் கண்ணுக்கு எளிதில் தெரியாத நீர்த்தெள்ளுகள் வாழ்கின்றன. புழுவின் குடம்பிகளை உட்கொண்ட நீர்த்தெள்ளுகள், வடிகட்டாத நீரோடு மனிதரின் வயிற்றுக்குள் செல்கின்றன. ஏறக்குறைய ஓராண்டுக்கு எந்த அறிகுறியும் இராது. அதன்பின், ஒரு மீற்றர் வரை வளர்ந்த பெண் புழு பெரும்பாலும் காலில் கொப்புளம் எழுப்பி வெளிவரும். எரிவு தாங்காத நோயாளி காலைத் தண்ணீரில் வைப்பார். அந்தக் கணமே புழு ஆயிரக்கணக்கான குடம்பிகளை நீரில் விடும். அடுத்த ஆண்டின் நோய் அங்கேயே விதைக்கப்படுகிறது.

இதற்கு மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. வெளிவரும் புழுவைச் சிறு குச்சியில் சுற்றி, நாளுக்குச் சில சென்ரிமீற்றராக வாரக்கணக்கில் இழுத்தெடுக்க வேண்டும். உயிரிழப்பு அரிது. ஆனால் விதைப்புக் காலத்தில் விவசாயி படுத்துவிட்டால் அந்த வீட்டின் ஆண்டு வருமானமே போய்விடும்.

முன்னாள் அமெரிக்க ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டரும் துணைவியார் ரோசலினும் 1982இல் நிறுவிய கார்ட்டர் நிலையம், 1986இல் இந்நோயை ஒழிக்கும் பணியைக் கையிலெடுத்தது. அப்போது 21 நாடுகளில் ஆண்டுக்குச் சுமார் 35 இலட்சம் பேர் பாதிக்கப்பட்டிருந்தனர். அவர்கள் கையாண்ட வழிகள் எளியவை. குடிநீரை நெருக்கமான துணியால் வடிகட்டுவது. நோயாளியை நீர்நிலையில் இறங்கவிடாமல் பராமரிப்பது. நுளம்புக் குடம்பிகளை அழிக்கும் அதே மருந்தைக் குளங்களில் இடுவது. இவற்றை வீடு வீடாகச் சென்று சொன்னவர்கள் அந்தந்தக் கிராமத்துத் தொண்டர்களே.

ஆனால் தொண்டர் நடந்து செல்லும் பாதையில் எறிகணை விழுந்தால் வடிதுணி எப்படிப் போய்ச் சேரும்? அதனால்தான் கார்ட்டர் நேரில் பேசி அந்த யுத்த நிறுத்தத்தைப் பெற்றார். அது ஏறக்குறைய ஆறு மாதங்கள் நீடித்தது. அதுவரை எட்ட முடியாதிருந்த கிராமங்களுக்கு வடிதுணிகளும் தடுப்பூசிகளும் சென்றன. பின்னர் யுத்தம் மீண்டும் தொடங்கியது. எனினும் அந்த மாதங்களில் இடப்பட்ட அடித்தளம் அழிந்துவிடவில்லை. தனி நாடாகிவிட்ட தென் சூடானில் 2006இல் இருபதாயிரத்துக்கும் மேலாக இருந்த நோயாளர் எண்ணிக்கை, 2023இல் இரண்டாகக் குறைந்தது.

உலகம் முழுவதிலும் 2023இல் 14 பேரும் 2024இல் 15 பேரும் மட்டுமே பாதிக்கப்பட்டனர். ஆனாலும் வேலை முடியவில்லை. சாட் நாட்டில் நாய்களிலும் இப்புழு காணப்படுகிறது. மோதல் நடக்கும் இடங்களுக்குப் பணியாளர்கள் இன்றும் போக முடிவதில்லை.

நமக்கும் இது புதிதல்ல. வடக்கு கிழக்கில் யுத்தம் நடந்த காலத்திலும், பிள்ளைகளுக்குப் போலியோ சொட்டு மருந்து கொடுப்பதற்காகத் துப்பாக்கிகள் ஓய்ந்த நாட்கள் இருந்தன. ஒரு நோய்க்காக நிறுத்த முடிந்த யுத்தத்தை மனிதர்களுக்காக ஏன் நிறுத்த முடியவில்லை என்ற கேள்வி சூடானியர்களுக்கு மாத்திரம் உரியதல்ல.