கோள்வடிவ நெபுலாக்களில் துணை விண்மீனைக் கண்டறிதல்

கோள்வடிவ நெபுலா என்பது சூரியனை ஒத்த விண்மீன் ஒன்று தன் இறுதிக் காலத்தில் வெளியேற்றிய வளிமப் படலம் ஆகும். சிறு தொலைநோக்கியில் கோளின் வட்டைப் போலத் தோன்றியதால் இப்பெயர் ஏற்பட்டது. கோள்களுடன் இதற்குத் தொடர்பில்லை. இதன் நடுவிலுள்ள விண்மீன் தனித்ததா, துணையுடன் சுற்றும் இரும விண்மீனா என அறியப் பல முறைகள் உள்ளன.

முக்கியத்துவம்

தனித்த விண்மீன் வெளியேற்றும் வளிமம் எல்லாத் திசைகளிலும் ஏறக்குறைய சீராகப் பரவும் என எதிர்பார்க்கலாம். ஆனால் பல நெபுலாக்கள் வண்ணத்துப்பூச்சியைப் போல இருமடல் வடிவில் உள்ளன. நெருங்கிச் சுற்றும் துணை விண்மீன், வளிமத்தைச் சுற்றுப்பாதைத் தளத்தில் குவிப்பதே இதற்கு முதன்மைக் காரணமாகக் கருதப்படுகிறது. துணை விண்மீன்களைக் கண்டறிந்தே இக்கருத்தைச் சோதிக்க இயலும்.

முறைகள்

இரு விண்மீன்களும் பெரும்பாலும் ஒரே புள்ளியாகத் தெரிவதால் மறைமுகச் சான்றுகளே பயன்படுகின்றன.

ஒளி மாற்றம்: சூடான விண்மீனை நோக்கிய துணையின் பக்கம் வெப்பமடைந்து கூடுதலாக ஒளிர்கிறது. சுற்றும்போது இப்பக்கம் தோன்றி மறைவதால் ஒளி சீராகக் கூடிக் குறையும். சிலவற்றில் ஒன்றையொன்று மறைப்பதும் உண்டு. ஏபெல் 63 நெபுலாவின் நடுவில் இத்தகைய இணை இருப்பதை ஓவர்டு பாண்டு 1976ல் அறிவித்தார். அதன் சுற்றுக்காலம் ஏறத்தாழ 11 மணி நேரம்.

ஆரைத்திசை வேகம்: விண்மீன் நம்மை நோக்கியும் விலகியும் நகரும்போது டாப்ளர் விளைவால் நிறமாலைக் கோடுகள் இடம்பெயரும். நெபுலாவின் ஒளி இக்கோடுகளுடன் கலப்பதால் அளவிடுதல் கடினம்.

வெப்பநிலை முரண்: இடப விண்மீன் குழுவிலுள்ள என்ஜிசி 1514 நெபுலாவை வில்லியம் எர்செல் 1790ல் கண்டார். அதன் நடுவில் தெரியும் விண்மீன், வளிமத்தை அயனியாக்கப் போதிய வெப்பம் அற்றது. எனவே சூடான மற்றொரு விண்மீன் உடனிருக்க வேண்டும் என ஊகிக்கப்பட்டது. 2017ல் வேக அளவீடுகள் இதனை உறுதிசெய்தன. சுற்றுக்காலம் ஏறத்தாழ 9 ஆண்டுகள்.

இந்திய ஆய்வுகள்

சூடான துணை புற ஊதாக் கதிரில் மிகுதியாக ஒளிரும். பழவேற்காடு ஏரியை அடுத்த சிறீஅரிக்கோட்டாவிலிருந்து 2015 செப்டம்பர் 28 அன்று ஏவப்பட்ட அசுட்ரோசாட் செயற்கைக்கோளில் புற ஊதாத் தொலைநோக்கி ஒன்று பொருத்தப்பட்டது. அதன்வழி பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் அன்னபூரணி சுப்பிரமணியம் குழுவினர், என்ஜிசி 188 கொத்திலுள்ள நீல விண்மீன் ஒன்றுக்கு ஏறத்தாழ 17,000 கெல்வின் வெப்பநிலையுள்ள துணை இருப்பதை 2016ல் வெளியிட்டனர். அதைச் சுற்றி நெபுலா இல்லை. எனினும் முறை ஒன்றே.

வரம்புகள்

சில மணி நேரத்தில் சுற்றும் இணைகள் எளிதில் சிக்குகின்றன. பல ஆண்டுகள் எடுப்பவற்றுக்கு நெடுங்கால நோக்கல் தேவை. ஆகவே துணை காணப்படாத விண்மீனைத் தனித்தது என முடிவு செய்தல் இயலாது.