முன்பட்டத் தக்காளி: நாற்றங்காலில் முதல் 25 நாட்கள்

தக்காளி பயிரிடும் சிறு விவசாயிகளில் பலர் ஆடி பிறந்த பிறகே விதைப் பொட்டலத்தைப் பிரிக்கிறார்கள். ஆடியில் விதைத்து ஆவணியில் நட்டால் முதல் பறிப்பு ஐப்பசி, கார்த்திகையில் வருகிறது. அது வடகிழக்குப் பருவமழைக் காலம். மழையில் பழம் வெடிக்கிறது. செடி சாய்ந்து காய் மண்ணில் பட்டு அழுகுகிறது. பறித்ததைச் சந்தைக்குக் கொண்டு சேர்ப்பதும் பாடாகிறது.

இதைத் தவிர்க்க ஒரு வழி, கிணற்றில் தண்ணீர் உள்ளவர்கள் வைகாசி முதல் வாரத்திலேயே நாற்றங்கால் போடுவது. வைகாசிக் கடைசியில் நடவு முடிந்தால், நட்ட 60 முதல் 70 நாட்களில், அதாவது ஆடிக் கடைசி அல்லது ஆவணி முதலில், பறிப்பு தொடங்கிவிடும். பெருமழை பிடிக்குமுன் பெரும்பகுதி மகசூலை எடுத்துவிடலாம்.

ஆனால் முன்பட்டத்துக்கு ஓர் எதிரி உண்டு. கோடையில் வெள்ளை ஈ பெருகும். அது பரப்பும் இலைச்சுருள் நோய் நாற்றிலேயே தொற்றிவிட்டால் அந்தச் செடியில் மகசூலை எதிர்பார்க்க முடியாது. எனவே முன்பட்டப் பயிரின் பலன் பெரும்பாலும் நாற்றங்காலிலேயே முடிவாகிறது எனலாம்.

நோய் வருவது எப்போது, தெரிவது எப்போது?

நட்டு இருபது நாள் கழித்து இலைகள் சுருண்டு, செடி குட்டையாகி, கொத்துக் கொத்தாக நிற்பதைக் கண்டதும் விவசாயி மருந்துக் கடைக்கு ஓடுகிறார். அதற்குள் காலம் கடந்துவிடுகிறது. நச்சுயிரி செடிக்குள் புகுந்து, அறிகுறி வெளியே தெரிய இரண்டு மூன்று வாரங்கள்கூட ஆகும். ஆகவே நடும்போது பச்சையாக, செழிப்பாகத் தெரிந்த நாற்றுக்குள்ளும் நோய் இருந்திருக்கலாம். தொற்றிய செடியைக் குணப்படுத்த மருந்து கிடையாது. வெள்ளை ஈ நாற்றைத் தொடாமல் காப்பதே வழி.

சித்திரை வெயிலைப் பயன்படுத்துங்கள்

நாற்றங்காலுக்கு, முந்தைய போகத்தில் தக்காளி, கத்தரி, மிளகாய், புகையிலை இல்லாத நிலமாகத் தேர்ந்தெடுப்பது நல்லது. பழைய தக்காளி, கத்தரி, வெண்டை, பருத்தி நிற்கும் வயலை ஒட்டியும் அமைக்கக் கூடாது. அங்கிருந்து வெள்ளை ஈ நேரே நாற்றுக்கு வந்துவிடும்.

சித்திரையிலேயே நிலத்தைப் புழுதியாக்கி, தண்ணீர் பாய்ச்சி, ஈரம் இருக்கும்போதே ஒளி ஊடுருவும் பாலிதீன் தாளால் மூடி, ஓரங்களை மண் அணைத்து நான்கு வாரம் விட்டுவைக்க வேண்டும். தாளுக்கடியில் ஏறும் சூட்டில் நாற்றழுகல் பூசணமும் களை விதைகளும் பெருமளவு அழிகின்றன. வேறு மாதங்களில் இந்த அளவு சூடு கிடைக்காது. முன்பட்டம் போடுபவருக்குச் சித்திரை வெயில் செலவில்லாத மருந்து.

ஏக்கருக்கு எவ்வளவு?

ஓர் ஏக்கர் நடவுக்கு ஏறத்தாழ ஒரு சென்ட் நாற்றங்கால் போதும். ஒரு மீட்டர் அகலம், 4 மீட்டர் நீளம், 15 செ.மீ. உயரத்தில் 10 மேட்டுப்பாத்திகள் அமைக்கலாம். நடைபாதைக்குத் தனியாக இடம் விட வேண்டும். நன்கு மக்கிய தொழு உரத்தைப் பாத்தி மண்ணோடு கலக்க வேண்டும். பச்சைச் சாணம் கூடாது.

ரகங்களுக்கு ஏக்கருக்கு 120 முதல் 140 கிராம் விதையும், வீரிய ஒட்டு ரகங்களுக்கு 40 முதல் 60 கிராமும் தேவை. பெரியகுளத்தில் உருவான பி.கே.எம். 1, உள்ளூர் அன்னஞ்சித் தக்காளியிலிருந்து சடுதிமாற்றம் மூலம் பெறப்பட்டது. தூரத்துச் சந்தைக்கு அனுப்பத் தாங்கும். பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் என்ற ஒட்டு ரகத்துக்கு இலைச்சுருள் நோயைத் தாங்கும் திறன் உண்டு. வெள்ளை ஈ தொல்லை அதிகமுள்ள ஊர்களில் இதைக் கவனிக்கலாம். ஒட்டு ரகப் பழத்திலிருந்து விதை எடுத்து மறுபடி விதைத்தால் தாய்ச்செடியின் குணம் வராது.

விதைக்குமுன்

கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி, அல்லது 10 கிராம் சூடோமோனாஸ் கலந்து நேர்த்தி செய்ய வேண்டும். 125 கிராம் விதைக்கு டிரைக்கோடெர்மா அரை கிராம் போதும். கடையில் வாங்கிய ஒட்டு விதை சாயம் பூசி வந்தால் அது ஏற்கெனவே மருந்திட்டது. மீண்டும் நேர்த்தி தேவையில்லை.

10 செ.மீ. இடைவெளியில் கோடு கிழித்து, அரை அங்குலத்துக்கு மிகாத ஆழத்தில் விதைத்து, மணலால் மூட வேண்டும். கைவீச்சாக விதைத்தால் ஓரிடத்தில் நெருங்கி, நாற்று மெலிந்து நெட்டையாகும். காற்றோட்டம் குறைந்து அழுகலும் வரும். நெருக்கமாக முளைத்த இடத்தில் அங்குலத்துக்கு ஒரு நாற்று இருக்கும்படி கலைத்துவிடுவது அவசியம்.

பாத்தியை வைக்கோலால் மூடி, பூவாளியால் காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்க வேண்டும். மண் மிகச் சூடேறினால் முளைப்பு குறையும். எனவே பாத்திக்கு மேல் தென்னங்கீற்றுப் பந்தல் தேவை. ஒரு வாரத்தில் முளை தெரியும். முளை கண்ட அன்று மாலையே வைக்கோலை எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் நாற்று வெளுத்து நீண்டுவிடும். கீற்றையும் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும்.

வலை போடும் நாள்

விதைத்த அன்றே வலை போட வேண்டும். ஈயைப் பார்த்த பிறகு போடும் வலை, ஈயை உள்ளே வைத்துப் பூட்டியது போலாகும். மூங்கில் பிளாச்சு அல்லது கம்பியை வளைத்துப் பாத்தியின் குறுக்கே ஊன்றி, 40 அல்லது 50 மெஷ் நைலான் வலையை இழுத்துப் போர்த்தி, நான்கு ஓரத்தையும் மண்ணில் புதைக்க வேண்டும். சாதாரண நிழல்வலையும் கொசுவலையும் பயன்படா. அவற்றின் கண்ணில் வெள்ளை ஈ எளிதாக நுழையும். தண்ணீரை வலைக்கு மேலேயே பூவாளியால் தெளிக்கலாம். களை எடுக்கத் திறந்தால் வேலை முடிந்ததும் மூட வேண்டும்.

ஒரு சென்ட் நாற்றங்காலுக்கு வலை செலவு உண்டுதான். பத்திரப்படுத்தி வைத்தால் அதையே அடுத்தடுத்த பட்டங்களுக்கும் பயன்படுத்தலாம். வலையில்லாமல் மருந்தை மட்டும் நம்புவது சரியல்ல. ஈ சாவதற்குமுன் சிறிது நேரம் சாறு உறிஞ்சினாலே நோயைக் கொடுத்துவிடும்.

குழித்தட்டு வைத்திருப்பவர்கள் மக்கிய தென்னைநார்க் கழிவை நிரப்பி, குழிக்கு ஒரு விதை ஊன்றலாம். இரண்டடிக்கு இரண்டடி இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 11,000 நாற்று வேண்டும். சேதாரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் 98 குழித் தட்டுகள் 125 தேவைப்படும். தட்டுகளையும் வலைக்குள்ளேயே வைக்க வேண்டும்.

நாற்றழுகல்

தண்ணீர் மிகுந்தால் நாற்றின் அடித்தண்டு தரைமட்டத்தில் கருத்து, நூலாகச் சுருங்கிச் சாயும். சாய்ந்த நாற்றுகளைப் பிடுங்கிவிட்டு, லிட்டர் தண்ணீருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு கலந்து, பாத்தி மண் நனையும்படி ஊற்ற வேண்டும். தண்ணீரைக் குறைப்பதும் அவசியம்.

வயலைத் தயார் செய்தல்

நாற்றங்காலில் விதை போடும் நாளிலேயே நடவு வயலைச் சுற்றி இரண்டு வரிசை மக்காச்சோளம் விதைத்துவிட வேண்டும். நடவு நேரத்தில் அது ஓரளவு எழும்பி, வெளியிலிருந்து வரும் வெள்ளை ஈயைத் தடுக்கும். நட்டதும் ஏக்கருக்கு 5 மஞ்சள் ஒட்டுப்பொறி வைத்தால் ஈயின் நடமாட்டம் தெரியும்.

நடவுக்கு ஐந்து நாள் முன்பிருந்து தண்ணீரைக் குறைத்து நாற்றைத் திடப்படுத்த வேண்டும். அப்போதும் வலையை எடுக்கக் கூடாது. 25 நாள் ஆன, நாலைந்து இலை விட்ட, தண்டு திடமான நாற்றே நடவுக்கு ஏற்றது. இலை நெளிந்தது, மஞ்சளானது, குட்டையானது எதையும் ‘எண்ணிக்கைக்கு ஆகட்டும்’ என்று நடக் கூடாது. நெட்டையான நாற்றைச் சற்று ஆழமாக நட்டால் மண்ணுக்குள் போன தண்டிலும் வேர் விடும். மாலையில் நட்டு, மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர் விட வேண்டும். முதல் மாதத்தில் சுருண்ட செடி தெரிந்தால் உடனே பிடுங்கிப் புதைத்துவிடுவது நலம்.

எவ்வளவு முன்னதாக?

முன்பட்டம் என்று மாசி, பங்குனியிலேயே விதைத்துவிடக் கூடாது. பகல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டி, இரவும் தணியாத நாட்களில் பூத்தால் மகரந்தம் கெட்டுப் பூ உதிரும். வைகாசி முதலில் விதைத்தது ஆனியில் பூக்கும்போது வெப்பம் தணியத் தொடங்கியிருக்கும்.

தக்காளி விலை நிலையற்றது. 2023 ஜூலையில் சென்னையில் சில்லறை விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டி, அரசே நியாயவிலைக் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க நேர்ந்தது. பறிகூலிகூடக் கிடைக்காமல் பழத்தை வயலிலேயே விட்ட காலமும் உண்டு. ஆகவே ஓர் ஏக்கர் போடுபவர் அரை ஏக்கருக்கான விதையை வைகாசி முதலிலும், மீதியை 20 நாள் கழித்தும் போடுவது பாதுகாப்பானது. முழு மகசூலும் ஒரே வாரச் சந்தையில் சிக்காது. முதல் பாத்தியில் உபயோகித்த வலையும் இரண்டாவதற்கு ஏறக்குறையத் தயாராக இருக்கும்.

தங்கள் மண்ணுக்கேற்ற ரகம், வலை மற்றும் குழித்தட்டுக்கு மானியம் உண்டா என்ற விவரங்களைச் சித்திரை மாதத்திலேயே வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேட்டறிந்து கொள்வது நல்லது.