பழைய எஸ்.யூ.வி.க்கு எந்தச் சொக் அப்சோபர்?

குரோருட், அம்மெரூட், ரொம்சோஸ் பக்கத்துத் தரிப்பிடங்களில் எங்கள் ஆட்களின் வாகனங்களைப் பார்த்தால் இப்போது இரண்டு வகைதான். ஒன்று புது மின்சார வாகனம். மற்றது 2006 தொடக்கம் 2012 வரையான காலத்து ரொயோட்டா ராவ்4, ஹொண்டா சி.ஆர்.வி., நிசான் எக்ஸ்-ட்ரெயில், வொல்வோ எக்ஸ்.சி.90 போன்ற உயரமான பழைய வாகனம். மகள் படித்து முடிக்கட்டும், வீட்டுக்கடன் கொஞ்சம் இறங்கட்டும், அதுவரை இது ஓடட்டும் என்று வைத்திருக்கும் இரண்டாவது வகைக் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன்.

இந்த வாகனங்களில் இயந்திரம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஆனால் வேகத்தடையில் ஏறி இறங்கும்போது பின் இருக்கையிலிருந்து அம்மாவோ மாமியோ, "மெல்லப் போ தம்பி, நாரி முறியுது" என்பார். இதனாலேயே கோவிலுக்கும் கலியாண வீட்டுக்கும் வருவதைக் குறைத்துக்கொண்ட வயது போனவர்கள் இருக்கிறார்கள். எங்கள் வீட்டிலும் எண்பது தாண்டிய ஒருவர் இருப்பதால் இந்த விடயத்தைக் கொஞ்சம் ஆழமாகப் பார்க்க வேண்டி வந்தது. நான் கணக்காளன், மெக்கானிக் அல்ல. ஆனாலும் பட்டியலைப் பார்த்து எதை வாங்குவது, எதை விடுவது என்று முடிவெடுப்பது எனக்குப் பழகிய வேலை.

முதலில் சொக் அப்சோபர் என்ன செய்கிறது என்று பார்ப்போம். வாகனத்தின் பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். பள்ளத்தில் விழுந்ததும் ஸ்பிரிங் அமுங்கும், பிறகு நிமிரும், திரும்பவும் அமுங்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் சொக்கின் வேலை. உள்ளே இருக்கும் ஒயில் சிறு வால்வுகளுக்குள்ளால் நெருக்கிப் போகும்போது ஆட்டம் சூடாக மாறி வெளியேறுகிறது. ஆகவே வாகனம் தாழ்ந்து போய்விட்டதென்றால் பெரும்பாலும் பிழை சொக்கில் அல்ல, ஸ்பிரிங்கில்.

யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய மொரிஸ் மைனரை நினைவுள்ளவர்களுக்கு ஒன்று சொல்லலாம். அதில் இருந்த சொக் நெம்புகோல் வடிவம். ஒயில் குறைந்தால் மூடியைத் திறந்து விட்டு நிரப்பலாம். இன்றைய சொக் முத்திரை வைத்த குழாய். ஒயில் கசிந்தாலோ வால்வு தேய்ந்தாலோ முழுதாக மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

குலுக்கல் எல்லாமே சொக்கால் வருவதில்லை. காசு செலவழிக்க முன்னர் ரயரைப் பாருங்கள். சாரதியின் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் காற்றழுத்த அளவுக்கு மேல் அடித்திருந்தால் எந்தச் சொக்கும் உதவாது. ரயரின் அளவும் முக்கியம். ராவ்4க்கு 225/65 ஆர்17 அளவும் வரும், 235/55 ஆர்18 அளவும் வரும். முதலாவதில் ரயரின் பக்கச் சுவர் சுமார் 146 மில்லிமீற்றர், இரண்டாவதில் 129. வடிவுக்காகப் பெரிய றிம் போட்டவர் 17 மில்லிமீற்றர் ரப்பர் மெத்தையைக் கழற்றி வைத்துவிட்டு, பிறகு சொக்கைக் குறை சொல்கிறார். அடுத்த தடவை ரயர் மாற்றும்போது உற்பத்தியாளர் அனுமதித்த சிறிய றிம்முக்குத் திரும்பினால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரக்கூடும்.

சிறு கற்களில் "டக் டக்" என்று சத்தம் கேட்டால் அது பெரும்பாலும் ஸ்டாபிலைசர் லிங்க். மலிவான சாமான். குளிர்காலத்து உப்பில் ஸ்பிரிங்கின் அடிச்சுற்று துருப்பிடித்து உடைவதும் இங்கே சாதாரணம்.

சொக் உண்மையிலேயே முடிந்துவிட்டது என்பதற்கு வேறு அடையாளங்கள் உண்டு. வேகத்தடை தாண்டிய பிறகும் வாகனம் இரண்டு மூன்று தடவை தாலாட்டும். பிரேக் பிடித்தால் மூக்கு ஆழமாகக் குத்தும். ரயரின் மேற்பரப்பில் கையை ஓட்டினால் மேடு பள்ளமாகத் தேய்ந்திருக்கும். மூலையை அமத்தி விட்டுப் பார்க்கும் பழைய சோதனையை எஸ்.யூ.வி.யில் நம்ப வேண்டாம். ஸ்பிரிங் இறுக்கமானதால் தேய்ந்த சொக்கும் தப்பிவிடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் ஈ.யூ. கொன்ட்ரோலில் கடுமையான கசிவு இருந்தால் 2-ஆம் தரக் குறை எழுதுவார்கள், திருத்தாமல் விடமுடியாது. இலேசான ஈரப்பதம் குறையல்ல. அதைக் காட்டி நான்கையும் மாற்றச் சொல்பவரிடம் இன்னொரு இடத்தில் காட்டிவிட்டு வருகிறேன் என்று சொல்லலாம்.

இனி வாங்கும் விடயம். எங்கள் ஆட்களிடம் ஒரு எண்ணம் இருக்கிறது: விலை கூடியதைப் போட்டால் மெத்தென்று இருக்கும். சொக்கில் இந்தக் கணக்குப் பிழைக்கும். விலை கூடியவற்றில் பல, வேக ஓட்டத்துக்கோ பாரம் இழுப்பதற்கோ காட்டுப் பாதைக்கோ செய்யப்பட்டவை. பெட்டியில் 'ஸ்போர்ட்', 'ஹெவி டியூட்டி' என்று இருந்தால், பின்னால் இருக்கும் அம்மாவுக்கு அது பகை.

சொக்கில் பொதுவாக இரண்டு கட்டமைப்பு. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு குழாய் உள்ளதில் வாயு அழுத்தம் குறைவு. சிறு மேடுகளில் இலகுவாக அசையும். ஒற்றைக் குழாய் உள்ளதில் வாயு அழுத்தம் பல மடங்கு. சூட்டைச் சீக்கிரம் வெளியேற்றும், வளைவில் பிடிப்பாக இருக்கும், ஆனால் சிறு அதிர்வுகளை உள்ளே அனுப்பும். சொகுசுதான் நோக்கமென்றால், தொழிற்சாலையில் வந்தது இரட்டைக் குழாய் என்றால் இரட்டைக் குழாயே வாங்குங்கள்.

பெயர்களாகச் சொன்னால், கே.வை.பி.யில் எக்ஸெல்-ஜி இரட்டைக் குழாய். அதே நிறுவனத்தின் கேஸ்-எ-ஜஸ்ட் ஒற்றைக் குழாய், இறுக்கம் கூடியது. பில்ஸ்ரைனில் பி4 தொழிற்சாலைச் சாமானுக்கு மாற்றீடு, பி6 இறுக்கமானது. ஒரே பெயர், ஒரே நிறப் பெட்டி, உள்ளே வேறு குணம். ஸாக்ஸ், மொன்றோ இரண்டிலும் சாதாரண மாற்றீட்டு வரிசை போதும். யப்பான் வாகனங்களுக்கு நான் கே.வை.பி. பக்கம்தான் சாய்வேன், ரொயோட்டாவுக்குத் தொழிற்சாலைச் சொக் செய்து கொடுப்பவர்களில் அவர்களும் உண்டு. கொஞ்சம் கூடச் செலவழிக்க மனமிருந்தால் கோனியின் ஸ்பெஷல் அக்டிவ் வரிசை இருக்கிறது. வேகமான சிறு அதிர்வுக்கு ஒரு மேலதிக வால்வு ஒயிலுக்கு வழி விடும். மெதுவான ஆட்டத்துக்கு இறுக்கும். எல்லா வாகனத்துக்கும் கிடைக்காது.

வொல்வோ எக்ஸ்.சி.90, எக்ஸ்.சி.70 வைத்திருப்பவர்கள் ஒரு பொறியைக் கவனிக்க வேண்டும். சிலவற்றில் பின்னால் 'நிவோமாற்' என்ற சொக் இருக்கும். அது ஆட்டத்தை அடக்குவதோடு பாரத்திலும் ஒரு பங்கைத் தாங்கி, வாகனத்தைத் தானாக மட்டப்படுத்தும். அதனால் அதற்குரிய ஸ்பிரிங் மென்மையானது. நிவோமாற்றின் விலையைப் பார்த்துப் பயந்து சாதாரண சொக்கை மட்டும் போட்டால் வாகனம் பின்பக்கம் குந்திவிடும். சாதாரண சொக் போடுவதென்றால் ஸ்பிரிங்கையும் மாற்ற வேண்டும். சாமான் வாங்க முன்னர் சசி இலக்கத்தைக் கொடுத்து எது பூட்டியிருக்கிறது என்று கேளுங்கள்.

ஒரு சில்லுக்கு மட்டும் மாற்றக்கூடாது. முன் சோடி அல்லது பின் சோடி. அத்துடன் மேலிருக்கும் மவுண்ட், ரப்பர் பம்ப் ஸ்டொப், தூசி உறை மூன்றையும் புதிதாகப் போடுங்கள். பொடியாகிப்போன பழைய பம்ப் ஸ்டொப்பை மிச்சம் பிடித்தால், புதுச் சொக்கிலும் பெரிய பள்ளத்தில் இரும்பில் இரும்பு இடிக்கும். பின்னர் மாற்ற நினைத்தால் அதே கூலியைத் திரும்பக் கொடுக்க வேண்டும்.

"வாகனமே 40,000 குறோணர்தான் பெறும், அதுக்கு 14,000 செலவழிக்கிறதோ?" என்று கேட்பார்கள். ஒப்பீடு அங்கேதான் பிழைக்கிறது. உதாரணத்துக்கு 14,000 என்றே வைப்போம். இன்னும் நான்கு வருடம் ஓட்டினால் வருடத்துக்கு 3,500, மாதத்துக்கு 300க்கும் குறைவு. இதை ஒப்பிட வேண்டியது வாகனத்தின் விற்பனை விலையோடு அல்ல, அந்த நான்கு வருடமும் இன்னொரு வாகனத்துக்குக் கட்டப்போகும் மாதக் கட்டணத்தோடு. ஆனால் அடுத்த வருடமே விற்கும் எண்ணம் இருந்தால் செய்ய வேண்டாம். விற்கும்போது அந்தக் காசு திரும்பி வராது.

விலையை எழுத்தில் கேளுங்கள். நோர்வேயில் கராஜ் பிரீஸ்ஓவர்ஷ்லாக் என்ற மதிப்பீடு கொடுத்தால், வேறு உடன்பாடு இல்லாவிட்டால், கடைசி விலை அதைவிடக் கணிசமாகக் கூடக்கூடாது. எப்படியும் 15 வீதத்தைத் தாண்டக்கூடாது. ஜெர்மனியிலிருந்து சாமான் எடுப்பவர்கள் 25 வீத எம்.வி.ஏ.யையும் சுங்கக் கையாளல் கட்டணத்தையும் கூட்டிப் பார்த்துவிட்டு மலிவென்று சொல்லட்டும்.

"பற்றுச்சீட்டு வேண்டாமெண்டால் குறைச்சுச் செய்து தாறன்" என்ற கதை எங்களுக்குள்ளும் உண்டு. 10,000 குறோணருக்கு மேற்பட்ட வேலைக்கு வங்கி வழியாக அன்றிக் கையில் காசு கொடுத்து, செய்தவர் வரியை ஏய்த்தால், கொடுத்தவரும் அந்த வரிக்குப் பொறுப்பாகலாம். சொக் ஆறு மாதத்தில் கசிந்தாலும் முறையிட ஒரு துண்டுக் கடதாசி இராது.

பூட்டும் நாளில் கராஜ்காரரிடம் ஒரு விடயத்தைச் சொல்லி வையுங்கள். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை, சில்லு அந்தரத்தில் தொங்கும்போது இறுதியாக இறுக்கக்கூடாது. வாகனம் தன் பாரத்தில் நிற்கும் நிலையில்தான் இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் முறுகியபடியே இருந்து ஓட்டத்தைக் கடினமாக்கும், சீக்கிரம் கிழியும். முன் சொக் மாற்றினால் சில்லுகளின் கோணத்தையும், அதாவது ஹ்யூல்ஸ்டில்லிங், சரிபார்க்க வேண்டும்.

தை மாதத்தில் பூட்டியவர்கள் முதல் கிலோமீற்றரிலேயே தீர்ப்புச் சொல்ல வேண்டாம். குளிரில் ஒயில் தடித்திருக்கும். துரொன்ஹெய்ம்ஸ்வையனில் கொஞ்சத் தூரம் ஓடி, ஒயில் இளகிய பிறகு, வீட்டுப் பக்கத்து வேகத்தடைகளில் வயது போனவரைப் பின்னால் இருத்தி ஓட்டிப் பார்த்து அவரிடமே கேளுங்கள்.