உஷார்! 'எட்டுத் தங்கம், ஒரு கருப்பு' வாங்கப் போகிறீர்களா?

கொஞ்சம் நில்லுங்கள். கடையில் காசை நீட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

கிரகப்பிரவேசம் முடிந்த கையோடு வரவேற்பறைக்கு ஒரு மீன் தொட்டி. வாஸ்துவுக்கு ஒன்பது மீன். எட்டு தங்க நிறத்தில், ஒன்று கருப்பு. வாஸ்து பலிக்குமா என்பது உங்கள் நம்பிக்கை, அதற்குள் நான் வரவில்லை. ஆனால் அந்த ஒன்பதில் எது முதலில் போகும் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். கருப்புதான்.

"வீட்டு திருஷ்டியை எல்லாம் தான் வாங்கிக்கிட்டுப் போயிடுச்சு" என்பார்கள். நம்பாதீர்கள். அது பட்டினியால் செத்திருக்கும்!

எப்படி என்கிறீர்களா? அந்த எட்டும் பெரும்பாலும் காமெட். ஒல்லி உடம்பு, ஒற்றை வால், அம்பு மாதிரி பாயும். கருப்பு என்று கொடுப்பது பிளாக் மூர். உருண்டை உடம்பு, இரட்டை வால், வெளியே பிதுங்கிய கண். அந்தக் கண்ணுக்குப் பார்வை மட்டு. நீங்கள் தீனியைத் தூவுவீர்கள். பிளாக் மூர் அது எங்கே விழுந்தது என்று தேடித் திரும்புவதற்குள் எட்டும் சேர்ந்து துடைத்துவிடும். தினமும் இதே கதை. இரண்டும் கோல்டு ஃபிஷ் தானே, ஒரே ஜாதி தானே என்று நினைக்கிறோம் பாருங்கள், ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டில் நடந்ததைக் கேளுங்கள். பெயர் வேண்டாம். தறி போட்டிருக்கும் கூடத்திலேயே ஓர் ஓரமாக இரண்டடித் தொட்டி. நிரப்பினால் 50 லிட்டர் சொச்சம் பிடிக்கும். அதில் வாஸ்து மீன் ஒன்பது. மகள் ஆசைப்பட்டாள் என்று தலையில் கொண்டை வைத்தது போன்ற ஒராண்டா இரண்டு. கடைக்காரர் கடைசியாக ஒரு சக்கர் மீனையும் கவரில் போட்டுக் கொடுத்திருக்கிறார். "டேங்க் கிளீனர்மா இது. அழுக்கை எல்லாம் தின்னுடும். தண்ணியே மாத்த வேணாம்."

கருப்பு முதல் மாதமே போனது. திருஷ்டி கழிந்தது என்று விட்டுவிட்டார்கள். பிறகு ஒராண்டாவின் விலாவில் வட்டமாக ஒரு புண். செதில் உரிந்து, உள்ளே சிவப்பாக. கடையில் கேட்டால் நீல மருந்து கொடுத்தார்கள். தொட்டி நீலமானது, புண் ஆறவில்லை. முகூர்த்த சீசன், ராத்திரி வெகுநேரம் தறி ஓடிய ஒரு நாளில்தான் அந்த அம்மா கண்ணால் பார்த்திருக்கிறார். சக்கர் மீன் ஒராண்டாவின் விலாவில் வாயை ஒட்டிக்கொண்டு தொங்குகிறது. ஒராண்டா உதறிப் பார்க்கிறது, முடியவில்லை. அந்தக் கனத்தையும் இழுத்துக்கொண்டே நீந்துகிறது.

பதறிப்போய் அவர் செய்த காரியம் இன்னும் மோசம். விடிந்ததும் தண்ணீர் மொத்தத்தையும் கொட்டிவிட்டு, குழாயில் வந்த தண்ணீரை அப்படியே பிடித்து ஊற்றினார். சாயங்காலத்துக்குள் முக்கால்வாசி மீன் மிதந்தது. குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின் மீனின் செவுளைப் பொசுக்கிவிடும்! அழுக்கைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியாவும் அதோடு அழியும். வாரத்துக்கு ஒருமுறை கால்வாசி மாற்றினால் போதும். அதுவும் ஆன்டி குளோரின் சொட்டு விட்ட தண்ணீர்.

சக்கர் மீன் விஷயத்தில் யாரும் உங்களிடம் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். விரல் நீளத்தில் கொடுப்பார்கள், ஓரடிக்கு மேல் வளரும். குட்டியில் பாசி தின்னும். வளர வளர பாசி போதாது. ராத்திரியில் மந்தமாக நிற்கும் அகல உடம்பு மீனைத் தேடிப் போய், தோல் மேல் இருக்கும் வழுவழுப்பைச் சுரண்டும். அந்த வழுவழுப்புதான் மீனுக்குக் கவசம். அது போனால் பூஞ்சை, புண், சாவு. தண்ணீர் மாற்ற வேண்டாம் என்பதும் பொய். சக்கரும் தின்று கழிக்கத்தானே செய்யும்? கோல்டு ஃபிஷ்ஷுக்கோ இரைப்பையே கிடையாது. தின்றது சட்டென்று கழிவாகும், கழிவு அம்மோனியாவாகும்.

வேறு எதெல்லாம் கூடாது? டைகர் பார்ப் வேண்டவே வேண்டாம், தொங்கும் வாலைக் கண்டால் கடித்துக் கிழிக்கும். ஃபிளவர்ஹார்ன், ஆஸ்கர் பக்கத்திலேயே வரக்கூடாது. 'ஷார்க்' என்று வெள்ளி நிறத்தில் விற்கிற குட்டி, கெளுத்தி வகை. மூன்றடிக்கு மேல் வளரும். குட்டி ஆமையை அதே தொட்டியில் விடுகிறவர்களும் இருக்கிறார்கள், என்ன சொல்ல! ரொம்பச் சின்ன மீனும் ஆபத்துதான். நியான் டெட்ராவைக் கோல்டு ஃபிஷ் விழுங்கிவிடும். கோரிடோரஸ் என்ற குட்டிக் கெளுத்தியை விழுங்கப் பார்த்தால் அதன் முள் தொண்டையில் மாட்டி இரண்டுமே சாகும்.

இன்னொன்று, சூடு. கோல்டு ஃபிஷ் குளிர்ந்த தண்ணீர் மீன். 18 முதல் 24 டிகிரி வரை அதற்குச் சுகம். நம் ஊர் கத்திரி வெயில் 40-ஐத் தாண்டும். தண்ணீர் சூடாகச் சூடாக அதில் ஆக்சிஜன் குறையும். இந்த லட்சணத்தில், ஏஞ்சல் மீனுக்காக ஹீட்டர் போட்ட தொட்டியில் கோல்டு ஃபிஷ்ஷையும் விடுகிறார்கள்! கோடையில் கூட்டத்தைக் குறையுங்கள். கரண்ட் போனாலும் ஓடும் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

இந்த அறிகுறிகளைப் பார்த்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். வால் நுனி கிழிந்து நார் நாராக இருக்கிறது. விலாவில் வட்டப் புண், உதிர்ந்த செதில். பிதுங்கிய கண்ணில் வெண்மை படர்கிறது. தீனி போட்டும் ஒரு மீன் மட்டும் மூலையை விட்டு வரவில்லை, வயிறு ஒட்டிக் கிடக்கிறது. துடுப்பை மடக்கிக்கொண்டு அடியில் கிடக்கிறது. கல்லில் உடம்பைத் தேய்க்கிறது. மேலே வந்து வாயைப் பிளக்கிறது. உப்பு தூவினாற்போல் வெள்ளைப் புள்ளி.

அந்த வெள்ளைப் புள்ளி பெரும்பாலும் புதுசாக வந்த மீனோடு வருவது. வண்ண மீன் கடைகளுக்குப் பேர்போன சென்னை கொளத்தூரிலிருந்தே வாங்கி வந்தாலும் சரி, நேராகத் தொட்டியில் கொட்டாதீர்கள். தனி டப்பில் மூன்று வாரமாவது வைத்துப் பாருங்கள். கவர் தண்ணீரைத் தொட்டிக்குள் ஊற்றவே ஊற்றாதீர்கள்.

சரி, யாரைத்தான் சேர்ப்பது? உருண்டை உடம்பும் இரட்டை வாலும் கொண்ட ஃபேன்சி ரகத்துக்குத் துணை ஃபேன்சிதான். அதிலும் வேகமும் பார்வையும் ஒத்துப் போக வேண்டும். ஒராண்டாவோடு ஃபேன்டெயில். முதுகுத் துடுப்பு இல்லாத ராஞ்சுவோடு லயன்ஹெட். பிளாக் மூரோடு அதே மாதிரி கண் மங்கலான இனம். பபிள் ஐ என்றால் தனியாக, கூர்மையான கல்லோ பொம்மையோ இல்லாத தொட்டியில். கண்ணுக்குக் கீழே இருக்கும் அந்தப் பை லேசாகக் கீறினாலே கிழிந்துவிடும். ஒரு மீனுக்கு 40 லிட்டராவது வேண்டும். அப்படிப் பார்த்தால் இரண்டடித் தொட்டிக்கு ஒன்பது அல்ல, ஒன்றுதான். கசக்கிறதா? செத்ததை வாரத்துக்கு ஒன்றாக அள்ளிப் போடுவது இன்னும் கசக்கும்.

கடைசியாக ஒன்று. சக்கர் மீனைத் தொட்டியிலிருந்து எடுத்துவிட்டீர்கள். கொல்ல மனம் வராது. புண்ணியம் என்று கோயில் குளத்தில் கொண்டு போய் விடத் தோன்றும். விடாதீர்கள்! அது தென் அமெரிக்க மீன். முதுகிலும் பக்கத்துடுப்பிலும் முள், உடம்பெல்லாம் கவசம். நம் பறவைகளால் எளிதில் விழுங்க முடியாது. கரையைக் குடைந்து முட்டையிடும், வலையைக் கிழிக்கும், தண்ணீர் கெட்டாலும் காற்றைக் குடித்துப் பிழைக்கும். கிழக்குத் தொடர்ச்சி மலைப் பகுதி நீர்நிலைகளில் இது பரவியிருப்பதை ஐதராபாத் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மைய (சி.சி.எம்.பி.) விஞ்ஞானிகளே கண்டறிந்திருக்கிறார்கள்.  காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் குளத்தையோ சர்வதீர்த்தக் குளத்தையோ சக்கர் மீனுக்குக் கொடுத்துவிடாதீர்கள். வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். பணம் தராவிட்டாலும் பரவாயில்லை, மீனைக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.