ரயிலில் வந்த கடல்

சிகாகோ நகரத்து ஷெட் மீன் காட்சியகம் மிச்சிகன் ஏரிக்கரையிலேயே நிற்கிறது. அக்கரை தெரியாத ஏரி, அலையும் அடிக்கும். வாயில் அள்ளி ஊற்றினால் ஒரு துளியும் கரிக்காது. அட்லாண்டிக் கடலுக்குப் போக வேண்டுமென்றால் ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் போக வேண்டும்.

1930-இல் காட்சியகம் திறக்கப்பட்டபோது கடல் மீன்களுக்கான தண்ணீர் ரயிலில் வந்தது. ஃபுளோரிடாவின் தென்கோடியில் உள்ள கீ வெஸ்ட் தீவுக்கு 20 டேங்கர் வேகன்கள் எட்டு முறை போய்வந்தன. கொண்டுவந்தது 10 லட்சம் கேலன், அதாவது சுமார் 38 லட்சம் லிட்டர். மீன்களைக் கொண்டுவர ‘நாட்டிலஸ்’ என்று தனி ரயில்பெட்டியே செய்தார்கள். ஐந்தே ஆண்டுகளில், 1935 சூறாவளியில், கீ வெஸ்ட் ரயில்பாதை அழிந்துபோனது.

இப்போது காட்சியகத்தில் கடல்நீரை உள்ளேயே தயாரிக்கிறார்கள். ஒரு கிலோ கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. அதற்காகச் சமையல் உப்பைக் கரைத்தால் கடலாகிவிடாது. மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், சல்பேட் எல்லாம் சரியான அளவில் சேர வேண்டும். கால்சியம் குறைந்தால் பவளம் வளராது.

இதுவரை சொன்னது எளிய பாதி. உண்மையான வேலை, மீனைத் தண்ணீரில் விட்ட பிறகுதான் தொடங்குகிறது.

மீன் மூச்சு விடும்போதே செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகிறது. கடலில் அது கரைந்து காணாமல் போகும். தொட்டியில் எங்கே போகும்? அதே செவுளைத்தான் திரும்ப வந்து அரிக்கும். இங்கே மீனைக் காப்பாற்றுபவை கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள். வடிகட்டியின் மணலிலும் பஞ்சிலும் வழவழப்பான படலமாக ஒட்டிக்கொண்டு, ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. நைட்ரைட்டும் நஞ்சுதான், மீனின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாதபடி செய்துவிடும். அதை இன்னொரு கூட்டம் நைட்ரேட்டாக மாற்றும். அது அவ்வளவு கெடுதல் இல்லை. அவ்வப்போது கொஞ்சம் தண்ணீரை மாற்றினால் போதும். சுறாவைப் பார்க்கக் கூட்டம் முண்டியடிக்கிறது. அந்தச் சுறாவை உயிரோடு வைத்திருக்கும் இந்தப் படலத்துக்குத்தான் என் முதல் வணக்கம்.

தண்ணீரைப் பேணினால் மீன் எவ்வளவு காலம் இருக்கும் என்பதற்கு ஷெட் காட்சியகத்திலேயே ஒரு சாட்சி இருந்தது. 1933-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு நுரையீரல் மீன், நன்னீர் இனம். ‘கிராண்ட் டாட்’, அதாவது தாத்தா, என்று பெயர். அது இறந்தது 2017-இல். பேரனாக வந்து பார்த்தவர்கள் பேரப்பிள்ளைகளோடு திரும்ப வந்து அதே மீனைப் பார்த்திருக்க முடியும்!

வீட்டில் மீன்தொட்டி வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. புதுத் தொட்டியில் முதல் சில வாரங்களிலேயே மீன்கள் செத்து மிதப்பதற்குப் பெரும்பாலும் காரணம், இந்தப் பாக்டீரியாக்கள் இன்னும் குடியேறாததுதான். அவை நிலைபெற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை ஒன்றிரண்டு மீன்களே போதும்; தீனியையும் குறைத்துப் போடுங்கள். வடிகட்டிப் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள், அதிலுள்ள குளோரின் பாக்டீரியாக்களைக் கொன்றுவிடும். தொட்டித் தண்ணீரையே ஒரு வாளியில் எடுத்து, அதில் அலசிப் போடுங்கள்.