ரோசாவும் நூலும்

காதலுக்கு ஒரு நாளா? அதற்கொரு விழாவா? வெட்கக்கேடு! வெளிநாட்டுப் பைத்தியம்!

ஆண்டுதோறும் பிப்ரவரி 14 நெருங்கும்போது எழும் கூச்சல் இது. கூச்சலிடுவோர் ஒருபுறம், கூவி விற்போர் மறுபுறம். முன்னவர் கையில் தடி. பின்னவர் கையில் விலைச் சீட்டு. இரண்டுக்கும் நடுவே சிக்கித் திணறுகிறது காதல்!

காதல் நாள் என்றால் கடைத்தெரு நாள்தானா? உலகைச் சற்றே சுற்றிவந்து பார்ப்போம்.

ஜப்பானில் அந்த நாளில் பெண்கள்தாம் ஆண்களுக்குச் சாக்லேட் வழங்குவர். காதலனுக்கு மட்டுமா? மேலதிகாரிக்கும் உடன் பணிபுரிவோருக்கும்கூட! அதற்குக் 'கடமைச் சாக்லேட்' என்றே பெயர். பெற்றுக்கொண்ட ஆடவர் மார்ச் 14-ல் கைம்மாறு செய்யவேண்டும். அந்த இரண்டாம் நாளை 1970-களின் இறுதியில் பரப்பியவர்கள் மிட்டாய் வணிகர்கள். காதலிலும் வட்டி! 2018-ல் ஒரு சாக்லேட் நிறுவனமே நாளேட்டில் விளம்பரம் வெளியிட்டு, கடமைக்காகக் கொடுக்கும் வழக்கத்தை விட்டுவிடலாம் என்று கூறிற்று. விற்றவருக்கே சலித்தது போலும்!

பிரேசில் நாட்டுக்குப் போவோம். அங்கே காதலர் நாள் ஜூன் 12. மறுநாள், மணமுடித்து வைக்கும் புனிதர் என்று மக்கள் போற்றும் அந்தோணியாரின் திருநாள். ஆனால், காதலர் நாளாக அதைத் தேர்ந்தவர் பாதிரியார் அல்லர், ஒரு விளம்பரக்காரர். 1940-களின் இறுதி; ஜூன் மாதத்தில் கடைகளில் விற்பனை மந்தம்; அதை முடுக்கிவிடப் பிறந்தது காதலர் நாள்!

எல்லா இடத்தும் இதே கதையா? இல்லை. பின்லாந்து மக்கள் பிப்ரவரி 14-ஐ 'நண்பர் நாள்' என்றே அழைக்கின்றனர். சீன மக்கள் ஏழாம் மாதத்து ஏழாம் நாளில், ஆண்டுக்கொரு முறை மட்டும் சந்திக்கும் நெசவுப் பெண்ணையும் மாடு மேய்க்கும் இளைஞனையும் நினைக்கின்றனர். வேல்சு நாட்டில் ஜனவரி 25 காதலர் நாள். அந்நாட்டு இளைஞர்கள் மரக்கரண்டி செதுக்கிக் காதலிக்குக் கொடுப்பது பழைய வழக்கம். 1667 என்று ஆண்டு பொறித்த கரண்டி ஒன்று கார்டிப் நகரருகே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. செதுக்கியவன் பெயர் மறைந்தது. அவன் உழைப்பு மறையவில்லை!

இனி, ஸ்பெயினின் வடகிழக்கே உள்ள கட்டலோனியாவுக்கு வருவோம். அங்கே காதல் நாள் ஏப்ரல் 23. புனித ஜார்ஜின் நாள். அவர் பறவைநாகத்தைக் கொன்றாராம். சிந்திய குருதியிலிருந்து ரோசா பூத்ததாம். கதைதான்! நம்பவேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. ஆனால் அந்த ரோசாவை ஆடவர் தம் காதலியர்க்குக் கொடுத்துவந்தனர். பார்சிலோனாவின் ரோசாச் சந்தை நூற்றாண்டுகள் பழமையுடையது.

1926-ல், பதிப்பாளர் விசென்ட் கிளாவெல் என்பாரின் முயற்சியால் ஸ்பெயினில் புத்தக நாள் தொடங்கிற்று. முதலில் அக்டோபரில் நடந்தது. 1930-ல் ஏப்ரல் 23-க்கு மாறிற்று. ரோசாவும் நூலும் கைகோத்தன! ஆடவன் பூக் கொடுத்தான். பெண் புத்தகம் கொடுத்தாள். இன்றோ இருபாலாரும் இரண்டையும் கொடுக்கின்றனர். அன்று விடுமுறைகூட இல்லை. வேலைக்குப் போகிறவர், பள்ளிக்குப் போகிறவர் எல்லாரும் தெருவோரப் புத்தக மேசைகளை மொய்க்கின்றனர். ஒரே நாளில் விற்பவை பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள்!

இங்கும் வணிகம் உண்டன்றோ என்பீர்கள். உண்டு. ஆனால் அந்த மேசைகளுக்கு ஒரு வரலாறும் உண்டு.

1939 ஜனவரியில் பார்சிலோனா பிராங்கோவின் படையிடம் வீழ்ந்தது. கட்டலான் மொழி பள்ளியிலிருந்து விரட்டப்பட்டது, அலுவலகத்திலிருந்து அகற்றப்பட்டது. அம்மொழியில் நாளேடு இல்லை. தொடக்க ஆண்டுகளில் நூல் வெளியிடவும் வழியில்லை. சர்வாதிகாரி நாவுக்குப் பூட்டுப் போட நினைத்தான். முடிந்ததா? அடுக்களையில் பேசினர்; தாலாட்டில் பாடினர்; காதலியின் காதருகே சொன்னார்கள். காதல் மொழிக்குத் தணிக்கை அதிகாரி ஏது?

1975-ல் பிராங்கோ மறைந்தான். 1979-ன் தன்னாட்சிச் சட்டம் கட்டலானை அங்கே ஆட்சிமொழியாக்கிற்று; 1983-ன் சட்டம் அதைப் பள்ளிக்கு மீட்டுவந்தது. ஒருகாலத்தில் அச்சேற முடியாதிருந்த மொழியின் நூல், இன்று ரோசாவோடு சேர்த்துக் காதலர் கையில் கொடுக்கப்படுகிறது! வெற்றி விழா வேறு வேண்டுமா?

தடியேந்துவோரைக் கேட்கிறோம்: பூவைக் கண்டா அச்சம்? பொய்! ஒரு பெண்ணும் ஆணும் தாமே முடிவெடுக்கிறார்களே, அதைக் கண்டுதான் அச்சம். மாற்றுச் சாதியில் மனம் வைத்ததற்காகப் பெற்ற பிள்ளையையே வெட்டிச் சாய்க்கும் கொடுமையும் அந்த அச்சத்தின் பிள்ளையே. வயதுவந்த இருவர் மணக்க இசைந்தால், குடும்பத்தின் இசைவோ, சாதியின் இசைவோ, ஊர்க்கூட்டத்தின் இசைவோ தேவையில்லை என்று 2018-ல் உச்சநீதிமன்றம் தெளிவாகவே உரைத்தது. தீர்ப்பு ஏட்டில் இருக்கிறது. அரிவாள் இன்னும் தெருவில் இருக்கிறது. இந்நிலையில், விழா எந்த நாட்டது என்று ஆராய்வதா முதல் வேலை?

ஒன்று கவனியுங்கள். 1995-ல் யுனெஸ்கோ ஏப்ரல் 23-ஐ உலகப் புத்தக நாளாக அறிவித்தது. நம் நூலகங்களிலும் கொண்டாடுகிறோம். கட்டலோனியர் தந்த நாள் அது. காதலர் நாளோடு ஒட்டிப் பிறந்த நாள். அயல்நாட்டுச் சரக்கு என்று அதை யாரும் விரட்டவில்லையே!

ஆகவே, இளைஞர்களே! கடைக்காரன் சொன்ன பரிசைத்தான் கொடுக்கவேண்டும் என்பதில்லை. விரும்பியவர்க்கு ஒரு பூக் கொடுங்கள். உடன் ஒரு நல்ல தமிழ் நூலும் கொடுங்கள். பூ மாலைக்குள் வாடும். நூல் இல்லத்தில் இருக்கும். நாளை பிறக்கும் பிள்ளையும் எடுத்துப் படிக்கும்!